திரைக்குப் பக்கத்தில் ஓர் உம்மா



கொழும்பிலிருந்து வடக்கு நோக்கி வரும் புகையிரதத்தின் கடைசித் தரிப்பிடம் காங்கேசன்துறை. 1990இல் அறுந்துபோன அந்தப் பாதையில், 2015 ஜனவரியில்தான் வண்டி மீண்டும் இந்த நிலையத்தைத் தொட்டது. இறங்கிப் பார்த்தால் கடல், துறைமுகம், வெளிச்சவீடு. 1990இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையின் கட்டடங்களும் கண்ணில் படும். அதே ஊரில் நடேஸ்வராக் கல்லூரி இருக்கிறது. போரினால் ஊரை விட்டு வெளியேறிய அந்தப் பாடசாலையின் வளவு, உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு, 2016இல்தான் மக்களிடம் திரும்பி வந்தது. ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள்!

மடிக்கணினியைப் பற்றி எழுத வந்தவர் ஏன் பழைய கதை பேசுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. பாடசாலை என்பது கட்டடமா, கருவியா, மனிதர்களா என்ற கேள்விக்கு இந்த மண் ஏற்கெனவே ஒரு விடை சொல்லியிருக்கிறது. அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், இன்று நம் பிள்ளைகளின் கைகளில் இருக்கும் திரையை அளந்து பார்ப்பது எளிதாகும்.

போத்தல் விளக்கில் படித்தவர்கள்

1990களின் முற்பகுதியில் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. வெறுமையான ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சு, சில துளி எண்ணெய், ஒரு திரி. அதுதான் விளக்கு. அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் பிள்ளைகள் சாதாரண தரமும் உயர்தரமும் எழுதினார்கள். வானொலிச் செய்தி கேட்கச் சைக்கிளின் டைனமோவைச் சுழற்றியவர்கள் இந்த ஊர் மக்கள். இல்லாத இடத்தில் கருவியை உண்டாக்கிக்கொள்ளும் கெட்டித்தனம் நமக்குப் புதிதல்ல.

1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் கதையும் உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அதை வாழ்ந்தவர்கள். புத்தளத்துத் தென்னோலைக் கொட்டில்களில், கரும்பலகையும் கதிரையும் போதாத நிலையில், பாடம் நடந்தது. அங்கே படித்தவர்களில் ஆசிரியர்களும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் உருவானார்கள்.

இவர்களுக்கெல்லாம் பொதுவாக இருந்தது எது? நல்ல விளக்கும் நல்ல மேசையும் அல்ல. பக்கத்தில் ஒருவர் இருந்தார். கொட்டிலில் ஆசிரியர் இருந்தார். வீட்டில், விளக்குத் திரியை இழுத்துவிட்டபடி, “இன்னும் எத்தனை பக்கம் மகள்?” என்று கேட்ட ஓர் உம்மா இருந்தார்.

வறுமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. போத்தல் விளக்கில் கண் கெட்டவர்களும், இடையில் படிப்பை விட்டவர்களும் எத்தனையோ பேர். நல்ல கருவி நம் பிள்ளைகளின் உரிமை. ஆனால் கருவி மட்டும் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் நாம் கண்டுவிட்டோம்.

ஒரு வீடு, ஒரு போன், மூன்று பிள்ளைகள்

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் இலங்கையின் பாடசாலைகள் எல்லாம் மூடப்பட்டன. கரும்பலகை ஒரே நாளில் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. வட்ஸ்அப்பில் பாடக்குறிப்பு, சூமில் வகுப்பு, தொலைக்காட்சியில் பாடம்.

அந்த நாட்கள் உங்கள் வீட்டில் எப்படி இருந்தன? வாப்பாவின் ஒரே போன். தரம் 11 படிக்கும் மகனுக்குக் காலை எட்டு மணிக்கு வகுப்பு. தரம் 9 மகளுக்கும் அதே எட்டு மணிக்கு. சின்னவனுக்கு ஆசிரியை அனுப்பிய படத்தைப் பார்த்து எழுத வேண்டும். டேட்டா முடிந்துவிட்டது; ரீலோட் போடக் காசில்லை. வெளியூர் மலைப்பகுதிகளில் நிலைமை இன்னும் மோசம். ஊவா மாகாணத்தின் போஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள், சிக்னல் கிடைப்பதற்காகக் காட்டு வழியே நடந்து பாறை மீது ஏறி அமர்ந்து படித்ததை 2021இல் உலகச் செய்தி நிறுவனங்கள் படத்துடன் வெளியிட்டன.

அதற்கு அடுத்த ஆண்டு வேறொரு பாடம் வந்தது. 2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. அதே மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை, அச்சிடக் கடதாசி இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டது. ஆக, மின்சாரத்தை நம்பியவனுக்கும் ஏமாற்றம், கடதாசியை நம்பியவனுக்கும் ஏமாற்றம்! ஒரே ஒரு கருவியின் மீது கல்வி முழுவதையும் ஏற்றி வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கொடுத்துவிட்டால் போதுமா?

“எங்கட பாடசாலைக்கு எல்லாருக்கும் லெப்டொப் தந்தால் பிள்ளைகள் எங்கேயோ போய்விடுவார்கள்” என்று பெற்றோர் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். நியாயமான ஆசைதான். ஆனால் கொடுத்துப் பார்த்த நாடுகளின் அனுபவத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தென்னமெரிக்காவில் பேரு என்ற நாடு, ஏழைக் கிராமப் பிள்ளைகளுக்கு இலட்சக்கணக்கில் சிறிய மடிக்கணினிகளைக் கொடுத்தது. 319 கிராமப் பாடசாலைகளை ஆராய்ந்து 2012இல் முடிவு வெளியானது. பிள்ளைகள் கணினியைக் கையாளக் கற்றுக்கொண்டார்கள்; அது உண்மை. ஆனால் கணிதத்திலும் மொழியிலும் அவர்களது தேர்ச்சி உயரவில்லை. காரணம் என்ன? கருவி வந்தது, அதைப் பாடத்தோடு இணைக்கும் பயிற்சி ஆசிரியருக்குப் போதியளவு வரவில்லை. பெட்டி மாறியது, பாடம் மாறவில்லை.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் படித்த மாணவ மாணவியருக்கும், கல்லூரி மாணவர்களுக்கும், அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. வீட்டில் புத்தக அலுமாரிகூட இல்லாத எத்தனையோ பெண் பிள்ளைகள் முதன்முதலாகத் தமக்கென்று ஒரு கணினியைத் தொட்டது அப்போதுதான். இது சிறிய காரியம் அல்ல. அதே நேரம், சிலர் அதை விற்றுவிட்டதாகவும், பலர் படம் பார்க்க மட்டுமே பயன்படுத்தியதாகவும் செய்திகள் வந்தன. ஒரே கருவிதான், ஒரு வீட்டில் கல்வி, இன்னொரு வீட்டில் பொழுதுபோக்கு. வேறுபாடு கருவியில் இல்லை; அது போய்ச் சேர்ந்த வீட்டில்.

எதிர்க்கரையில் நடந்த சோதனை

2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. அந்த எதிர்க்கரையில், புதுச்சேரி ஆட்சிப் பரப்பைச் சேர்ந்த காளிக்குப்பம் என்ற கடலோரக் கிராமத்தில், நம்மைப் போலத் தமிழ் பேசும் பிள்ளைகளிடையே நடந்த ஒரு சோதனையை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கட்டுரையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

சுகதா மித்ரா என்ற பேராசிரியர் 1999இல் புதுடில்லியில் ஒரு சேரிப்பகுதியை ஒட்டிய சுவரில் துளையிட்டு, ஒரு கணினியைப் பொருத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஏழைப் பிள்ளைகள் தாமாகவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு காளிக்குப்பத்தில் இன்னும் கடினமான கேள்வியைக் கேட்டார். ஆங்கிலம் சரியாகத் தெரியாத பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் இருக்கும் உயிரித் தொழில்நுட்பப் பாடத்தை, ஆசிரியர் இல்லாமல், ஒரு கணினியை மட்டும் வைத்துக் கற்க முடியுமா?

இரண்டு மாதங்களுக்குப் பின் போய்க் கேட்டபோது, ஒன்றும் விளங்கவில்லை என்றார்கள் பிள்ளைகள். அப்போது ஒரு சிறுமி கையை உயர்த்தி, டிஎன்ஏ பிழையாகப் பிரதியானால் பரம்பரை நோய் வரும் என்பதைத் தவிர வேறொன்றும் விளங்கவில்லை என்றாளாம்! இதை மித்ரா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சோதித்துப் பார்த்தபோது, ஏறத்தாழப் பூச்சியத்தில் இருந்த புள்ளி நூற்றுக்கு முப்பது அளவுக்கு வந்திருந்தது.

முப்பது புள்ளி பெரிய காரியம்தான். ஆனாலும் தேறப் போதாதே! அடுத்து என்ன செய்தார்? விஞ்ஞான ஆசிரியர் ஒருவரை அனுப்பவில்லை. பிள்ளைகளுக்கு அந்த ஊரில் பழக்கமான ஓர் இளம்பெண்ணை அழைத்தார். அவர் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவர். உயிரித் தொழில்நுட்பம் அவருக்குத் தெரியாது. “எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?” என்று அவர் தயங்கியபோது, மித்ரா சொன்ன வழி இதுதான்: ஒரு பாட்டி பேரப்பிள்ளைகளோடு நடந்துகொள்வதைப் போல நடந்துகொள்ளுங்கள். பின்னால் நில்லுங்கள். அவர்கள் எதைச் செய்தாலும் வியந்து கேளுங்கள். இது என்ன, இதை எப்படிக் கண்டுபிடித்தாய், அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அவ்வளவுதான்.

மேலும் இரண்டு மாதங்கள் சென்றன. பிள்ளைகளின் புள்ளி ஐம்பதைத் தொட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் படித்த புதுடில்லித் தனியார் பாடசாலை மாணவர்களின் அளவுக்கு அது சமமாக இருந்தது!

இந்தச் சோதனைகளை எல்லா அறிஞர்களும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. சுவரில் பதித்த கணினிகள் சில ஊர்களில் கவனிப்பாரின்றிப் பழுதாகிப் போயின. ஆசிரியர் தேவையில்லை என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. ஆனால் அந்த முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் நின்றது யார் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். பாடம் தெரியாத, ஆனால் அக்கறையோடு கேள்வி கேட்ட ஒரு பெண்!

சகோதரிகளே, “எனக்கு இங்கிலீசும் தெரியாது, கம்பியூட்டரும் தெரியாது, நான் என்னத்தைச் சொல்லிக்கொடுக்க?” என்று ஒதுங்கி நிற்கும் ஒவ்வொரு தாய்க்கும் இதில் பதில் இருக்கிறது. சொல்லிக்கொடுக்க வேண்டாம். பக்கத்தில் இருங்கள். கேளுங்கள்.

நம் ஓதற்பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். மரப்பலகையில் எழுதி ஓதிய காலம் போய், அச்சிட்ட நூல் வந்து, இப்போது திரையில் எழுத்துத் தெரியும் காலம். பலகை மாறிக்கொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே முன்னால் இருத்தி, காது கொடுத்துக் கேட்டுத் திருத்தும் முறை மட்டும் மாறவில்லை. மாறக் கூடாததும் அதுதான்.

வகுப்பறையில் கருவிக்குரிய இடம்

கருவியால் உண்மையான நன்மை உண்டு. இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது என்பதைச் சுண்ணக்கட்டியால் வரைந்து விளக்குவதைவிட, அசையும் படத்தில் காட்டினால் பின் வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் விளங்கும். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் இரசாயனச் சோதனையைத் திரையிலாவது காட்டலாம். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு எழுத்தை வாசித்துச் சொல்லும் கணினி ஒரு பெரும் துணை. கல்வியமைச்சின் ‘இ-தக்சலாவ’ தளத்தில் நம் பாடத்திட்டத்துக்குரிய புத்தகங்களும் பாடங்களும் தமிழிலேயே கிடைக்கின்றன.

தீமையும் உண்டு. கனடாவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், வகுப்பு நடக்கும்போது மடிக்கணினியில் வேறு வேலை பார்த்த மாணவர்களின் தேர்ச்சி குறைந்தது. இதில் வியப்பில்லை. அவர்களது திரை கண்ணில் படும்படி பின்னால் அமர்ந்து, கையால் குறிப்பெழுதிய மாணவர்களின் தேர்ச்சியும் குறைந்தது என்பதுதான் வியப்பு. ஒருவனின் விளையாட்டு, இன்னொருவனின் படிப்பையும் தின்கிறது. கணினி வசதியில் முன்னணியில் நிற்கும் சுவீடன்கூட 2023இல் சிறு வகுப்புகளில் அச்சுப் புத்தகத்துக்கும் கையெழுத்துக்கும் மீண்டும் முதலிடம் தர முடிவெடுத்தது. அதே ஆண்டில் வெளியான யுனெஸ்கோ அறிக்கையும், தொழில்நுட்பம் ஆசிரியருக்குத் துணையாக இருக்க வேண்டும், அவரது இடத்தைப் பிடிக்கக் கூடாது என்றே வலியுறுத்தியது.

ஆகவே, கணினி இருக்கும் பாடசாலை நல்ல பாடசாலை, இல்லாதது கெட்ட பாடசாலை என்று எடை போடாதீர்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது அதிபரிடம் மரியாதையாக மூன்று கேள்விகள் கேளுங்கள். இருக்கும் கணினிகளில் எத்தனை இயங்குகின்றன? பழுதானால் யார் திருத்துவது, அதற்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? எந்தப் பாடத்துக்கு, வாரத்தில் எத்தனை நேரம் பிள்ளைகள் அதைத் தொடுகிறார்கள்? பூட்டிய அறைக்குள் உறை போட்டு மூடி வைத்த பத்துக் கணினிகளைவிட, தினமும் நான்கு பிள்ளைகள் சுற்றி அமரும் ஒரு கணினி மேலானது.

மகளுக்கும் பங்கு உண்டு

இப்போது கொஞ்சம் கசப்பான விடயம். கொரோனா நாட்களில் ஒரே நேரத்தில் மகனுக்கும் மகளுக்கும் வகுப்பு வந்தபோது, போன் யாருடைய கைக்குப் போனது? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். “அவன் ஆம்பிளைப் பிள்ளை, நாளைக்கு உழைக்க வேண்டியவன், நீ சிநேகிதியிடம் கேட்டு எழுதிக்கொள்” என்று எத்தனை வீடுகளில் சொல்லப்பட்டது? அந்தச் சிநேகிதியின் வீட்டிலும் போன் அண்ணனிடம்தான் இருந்தது!

என் வகுப்பிலும் இப்படி ஒரு மாணவி இருந்தாள். பாடசாலை மீண்டும் திறந்தபோது அவளது கொப்பியில் பல மாதங்களுக்கான பக்கங்கள் வெறுமையாக இருந்தன. கேட்டபோது தலை குனிந்தாளே தவிர, வீட்டைக் குறை சொல்லவில்லை. அந்த வெற்றுப் பக்கங்களைப் பார்த்தபோது, வகுப்பில் அவள் ஏன் காணவில்லை என்று நானும் அப்போதே விசாரிக்கவில்லையே என்று வெட்கப்பட்டேன்.

பிள்ளைகளிடையே நீதி என்பது உடுப்பிலும் உணவிலும் மட்டுமல்ல, திரையிலும் வேண்டும். வீட்டில் ஒரு கருவிதான் என்றால் நேரத்தைப் பிரித்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பரீட்சை நெருங்கிய பிள்ளைக்கு முதலிடம். அது ஆணானாலும் சரி, பெண்ணானாலும் சரி.

இன்னொன்று. யாராவது தொல்லை கொடுத்தார்கள், படத்தைக் கேட்டார்கள், மிரட்டினார்கள் என்று மகள் உங்களிடம் சொன்னால், முதலில் போனைப் பறிக்காதீர்கள். சொன்னதற்குத் தண்டனை என்று அவள் அதை விளங்கிக்கொள்வாள். அடுத்த முறை சொல்ல மாட்டாள். உம்மாவிடம் சொல்ல முடியாத பிள்ளைதான் அந்நியன் கையில் அகப்படுகிறது. ஆறுதலாகக் கேளுங்கள், வந்த செய்திகளை அழிக்காமல் வையுங்கள், பொறுப்பானவர்களிடம் கொண்டுபோங்கள். சிறுவர் பாதுகாப்புக்கென்று 1929 என்ற தொலைபேசி இலக்கம் நாட்டில் இயங்குகிறது. அதைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்து வையுங்கள்.

நீங்கள் இன்றே செய்யக்கூடியவை

திரை நடு வீட்டில் இருக்கட்டும். மூடிய அறைக்குள் வேண்டாம். இரவில் போன் பிள்ளையின் தலையணைக்குக் கீழே இருக்கக் கூடாது. எல்லோருடைய போனும், உங்களுடையதும் வாப்பாவுடையதும் உட்பட, ஓரிடத்தில் உறங்கட்டும். நாம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், பிள்ளைக்குச் சொல்லும் புத்தி காற்றில் போகும்.

திரையில் படித்ததைக் கையால் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பார்த்து எழுதுவதல்ல, திரையை மூடிவிட்டு, விளங்கியதைத் தன் சொல்லில் நான்கு வரி எழுதுவது. எழுத முடியாவிட்டால் விளங்கவில்லை என்று பொருள். இன்னொரு முறை பார்க்கட்டும்.

அதன்பின் ஒரு கால் மணி நேரம் பக்கத்தில் அமருங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாலும் சரி. மூன்று கேள்வி போதும்: இன்றைக்கு என்ன பார்த்தாய்? எனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லு பார்ப்போம். இது சரியென்று உனக்கு எப்படித் தெரியும்? இந்த மூன்றாவது கேள்வி இன்று மிக முக்கியம். கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டன. அவை பிழையையும் உறுதியான குரலில் சொல்லும். விடை எங்கிருந்து வந்தது, புத்தகத்தில் அப்படி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் பழக்கத்தை வீட்டில்தான் ஊட்ட வேண்டும்.

உம்மும்மா இருக்கும் வீடானால் இன்னும் நல்லது. பேரப்பிள்ளை சொல்வதை வியந்து கேட்க அவருக்கு நேரமும் இருக்கிறது, மனமும் இருக்கிறது. காளிக்குப்பத்தில் பேராசிரியர் தேடிப்போன பாட்டி, நம் வீட்டு மூலையில் சாய்மனைக் கதிரையிலேயே இருக்கிறார்!

காங்கேசன்துறைக்குப் புகையிரதம் திரும்பி வந்துவிட்டது. பாடசாலை வளவு திரும்பி வந்துவிட்டது. மின்சாரமும் இணையமும் மடிக்கணினியும் வந்துவிட்டன; இன்னும் வரும். அன்று போத்தல் விளக்கின் திரியை இழுத்துவிட்ட கை, இன்று திரைக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். அது எந்தக் கடையிலும் வாங்கக் கிடைக்காது. எந்த அமைச்சும் இலவசமாகத் தராது. அது உங்களுடைய கை.

இன்றிரவு பிள்ளை திரையைத் திறக்கும்போது, வேலையைச் சற்று ஒதுக்கிவிட்டுப் போய்ப் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள்: “இது என்ன மகள்? எனக்கும் சொல்லு.”